அடியை எண்ணுகிறவர்கள்

'டாம் அண்ட் ஜெர்ரி' பார்த்தால் பிள்ளை முரடாகிவிடும் என்ற பேச்சு இன்று கேள்வி கேட்கக்கூடாத உண்மையாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள், குழந்தை வளர்ப்புப் பத்திகளில் எழுதுகிறார்கள். அண்ணன் தம்பியைத் தள்ளிவிட்டால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது தொலைக்காட்சிதான். இது நம் வீட்டுப் பேச்சு மட்டுமல்ல. 2016இல் எகிப்து அரசின் தகவல் துறைத் தலைவர் சலா அப்தெல் சாதிக், அரபு உலகில் வன்முறை பரவியதற்கான காரணங்களைக் கெய்ரோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் அடுக்கியபோது, இந்தப் பூனையையும் எலியையும் அந்த வரிசையில் சேர்த்தார்.

குற்றச்சாட்டின் வடிவம் எங்கும் ஒன்றுதான். அடிகளை எண்ணுவார்கள். ஏழு நிமிடத்துக்குள் இத்தனை வாணலி, இத்தனை சுத்தியல், இத்தனை வெடி. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஆனால் விழுந்த அடிகளை எண்ணி முடித்தவர் படத்தைப் பார்த்துவிட்டார் என்று ஆகாது. அடி யார் மேல் விழுந்தது, எதனால் விழுந்தது, விழுந்தபின் நம் கண் யாரோடு தங்கியது என்ற கேள்விகளில்தான் படம் இருக்கிறது.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக எடுத்து 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களைப் பற்றி இங்கே பேசுகிறேன். இவை அடிதடிக்கு ஆள் சேர்க்கும் படங்கள் அல்ல. தாளத்துக்கும் முகபாவத்துக்கும் கட்டுப்பட்ட, ஏறக்குறைய வசனமே இல்லாத நாடகங்கள். அடிபட்டவனின் பக்கம் நின்று பார்க்கப் பழக்குகிற படங்கள் என்றே சொல்வேன். இவற்றில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்று உண்மையிலேயே உண்டு. வன்முறை வன்முறை என்று போட்ட கூச்சலில் அதைப் பலர் பார்க்காமலே போய்விட்டார்கள்.

முதலில் இந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். 1940 பிப்ரவரியில் வெளிவந்த 'புஸ் கெட்ஸ் த பூட்' தான் முதல் படம். அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குத் திரையில் பெயரே இல்லை. நிறுவனத்துக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை, தொடரும் எண்ணமும் இல்லை. டெக்சாஸில் திரையரங்கு வட்டாரத்தைச் சேர்ந்த பெசா ஷார்ட் என்ற பெண்மணி, அந்தப் பூனை எலிப் படம் இன்னும் வருமா என்று கேட்டு எழுதிய கடிதம்தான் நிலைமையை மாற்றியது. படம் ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. பிறகு ஸ்டுடியோவுக்குள் பெயர் வைக்கும் போட்டி நடத்தி, ஜான் கார் என்ற ஓவியர் சொன்ன 'டாம் அண்ட் ஜெர்ரி'யைத் தேர்ந்து, அவருக்கு 50 டாலர் கொடுத்தார்கள்.

கடிதம் வந்தது திரையரங்குத் தொழிலிலிருந்து என்பது முக்கியம். செய்திப்படம், குறும்படம், முழுநீளப் படம் என்று வரிசையாக ஓடும் காட்சியில் இது ஒரு பகுதி. பார்த்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்; வேலை முடிந்து வந்த தொழிலாளியும், விடுமுறையில் வந்த சிப்பாயும், வயதானவர்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். போர்க்காலத்து 'த யாங்கி டூடுல் மவுஸ்' 1943ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கியதும் இந்தத் திரையரங்குக் காலத்தில்தான். அதையும் சேர்த்து இந்த வரிசை ஏழு ஆஸ்கர் பெற்றது. 'பிள்ளைகள் நிகழ்ச்சி' என்ற முத்திரையைப் பிறகு தொலைக்காட்சி குத்தியது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 18 ஆண்டில் 114 படம் என்றால் ஆண்டுக்கு ஆறு சொச்சம். ஒரு புதிய 'டாம் அண்ட் ஜெர்ரி' வர இரண்டு மாதம் ஆகும். அப்போது ஏழெட்டு நிமிடம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இன்று ஒரு சேனலோ செயலியோ பதினைந்து படங்களை வரிசையாக ஓட்டுகிறது. ஓராண்டில் திரையரங்குக்குப் போனவர் பார்த்ததைவிட அதிகமானதை ஒரு பிள்ளை ஒரு மதியத்தில் பார்த்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் நுணுக்கம் எல்லாம் கரைந்து ஓட்டமும் சத்தமும்தான் மிஞ்சும். பிள்ளை படபடப்பாக எழுந்து வருவதும் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பழி அளவில்லாமல் ஊற்றுகிறவர்களைச் சேரும். பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிற நம்மையும் சேரும்.

இனி ஒரு படத்தை எடுத்து நிதானமாகப் பார்ப்போம். 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை வென்ற 'த கேட் கான்செர்ட்டோ'. கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக டாம் மேடைக்கு வந்து, வணங்கி, பியானோ முன் அமர்ந்து இசையமைப்பாளர் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடியைத் தொடங்குகிறான். பியானோவுக்குள், கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான். முதல் சுரங்கள் விழுந்ததும் அவன் உடம்பு தூக்கிப் போடப்படுகிறது. அங்கிருந்து சண்டை.

அடியை எண்ணுகிறவர் இங்கே நிறைய எண்ணலாம். ஜெர்ரி கட்டை மூடியை விரல் மேல் அறைந்து சாத்துகிறான். கட்டைகள் இருந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறான், டாமின் விரல் மாட்டிக்கொள்கிறது. இருக்கையை ஏற்றி இறக்குகிறான். ஆனால் படம் முழுக்க ஒரு காரியம் நடந்துகொண்டே இருக்கிறது. டாம் வாசிப்பை விடுவதில்லை. சபை எதிரே இருக்கிறது, எடுத்த உருப்படியை முடித்தாக வேண்டும். வலித்த விரலை உதறிவிட்டு அடுத்த சுரத்துக்குச் சரியாக வந்து சேருகிறான். கைக்கு வேறு வேலை வந்தால் காலால் வாசிக்கிறான். முகத்தில் கச்சேரிக்காரனின் கம்பீரம் குலையாமல் பார்த்துக்கொள்ள அவன் படும் பாடு இருக்கிறதே, அதுதான் நகைச்சுவை. கடைசியில் ஜெர்ரியே இரண்டு சுத்தியல்களைப் பிடித்துக் கம்பிகளின் மேல் முடிவை வாசித்துவிட, ஓய்ந்து சரிந்த டாமை விட்டு மேடை விளக்கு எலியின் மேல் விழுகிறது. கோட்டும் சூட்டுமாக ஜெர்ரி வணங்குகிறான். உழைத்தவன் ஒருவன், கைதட்டல் வாங்கியவன் இன்னொருவன். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த வலி தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும் என்பதுதான் எனக்கு வியப்பு.

அந்தப் படத்தில் டாமின் விரல்களைக் கவனியுங்கள். எந்தச் சுரம் கேட்கிறதோ ஏறக்குறைய அந்தக் கட்டையில்தான் விரல் விழும். நொடிக்கு 24 சட்டம், ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அத்தனையிலும் ஒரு பூனையின் கையை லிஸ்ட்டுக்குப் பொருத்தி வரைந்திருக்கிறார்கள். கெனத் மியூஸ், எட் பார்ஜ், இர்வின் ஸ்பென்ஸ் போன்ற ஓவியர்களின் பெயர்கள் பல ஆண்டுகளாகப் படத்துக்குப் படம் திரையில் வருகின்றன. இந்தப் படங்களை அடிதடி என்று ஒதுக்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்களை ஒரு முறையாவது படித்திருப்பார்கள்?

இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. ஓரிரு படங்கள் தவிர அத்தனைக்கும் அவர்தான். இசையமைப்பாளர் அர்னால்டு ஷோன்பெர்க் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்து கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய பன்னிரு சுர முறையை, சபையில் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போகக்கூடிய அந்த முறையை, 1944இன் 'புட்டிங் ஆன் த டாக்' படத்தில் பிராட்லி ஒரு நாய்த் தலை ஓடும் காட்சிக்குப் பயன்படுத்தினார். அரங்கம் சிரித்தது, எவரும் எழுந்து போகவில்லை. ஹன்னா காட்சியின் காலத்தைத் தாளக் கணக்கில் முன்கூட்டியே வகுத்துவிடுவார். நட்டுவனாரின் தாளம் விழும் இடத்தில் ஆடுபவரின் பாதம் விழுந்தாக வேண்டும் என்பதுபோல, கதவு சாத்துவதும் தட்டு உடைவதும் அங்கே தாளத்தில்தான் விழும். இத்தனை கட்டுப்பாட்டோடு விழுகிற அடியைத் தெருச்சண்டை அடியோடு ஒன்றாக எண்ணுவது காதில்லாதவர் செய்கிற காரியம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். டாம் நசுங்கிய அடுத்த காட்சியில் முழுசாக எழுந்து வருகிறான். அடித்தால் வலிக்காது, செத்தால் சாவில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்ளாதா?

வலிக்காது என்றா இந்தப் படங்கள் சொல்கின்றன? டாமின் அலறலைக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அது ஹன்னாவின் சொந்தக் குரல். அவரே அலறிப் பதிவுசெய்து, தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி, உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அது அப்படிப் பிய்த்துக்கொண்டு வருகிறது. இன்னொன்றையும் பாருங்கள். அடி விழுந்ததும் டாம் உடனே அலறுவதில்லை. ஒரு கணம் அசையாமல் நிற்பான். என்ன நடந்தது என்று முகத்துக்குப் புரியும். கண் மெல்ல அடிபட்ட வாலையோ விரலையோ தேடிப் போகும். பிறகுதான் அலறல். அந்த ஒரு கணத்தில் அரங்கத்தின் பார்வை முழுவதும் அடிபட்டவனின் முகத்தில் இருக்கிறது.

சண்டைப் படங்களில் இது தலைகீழ். நாயகன் பத்துப் பேரை வீசி எறிகிறான், கேமரா நாயகனோடு நடந்து போய்விடுகிறது. விழுந்தவனுக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, எழுந்தானா என்று நாம் கேட்பதில்லை. வன்முறையை இனிப்பாக்குவது அந்தப் படம். அதைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்து டாம் அடிபடுவதைக் கண்டு பதறுகிறோம். 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனோடு நாம் தங்குகிறோம். ஜெர்ரி புத்திசாலி, குட்டி, அழகு. ஆனாலும் வயது ஏற ஏற நம்மில் பலர் டாமின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். சிறுவயதில் எலிக்காகக் கைதட்டியவர், நாற்பதில் பூனைக்காக உச்சுக்கொட்டுகிறார். இரண்டுக்கும் ஒரே படம் இடம் கொடுக்கிறது.

சாவுக்கும் விளைவு இல்லை என்பது படங்களைப் பார்க்காதவர் பேச்சு. 'த டூ மவுஸ்கடீர்ஸ்' படத்தில் அரசனின் விருந்து மேசையைக் காக்கும் காவலன் டாம். காக்கத் தவறினால் தலை போகும். தவறுகிறான். குட்டி எலிகள் கொள்ளையடித்த தின்பண்டங்களோடு உல்லாசமாக நடந்துபோகும்போது முரசு ஒலிக்கிறது, தொலைவில் கில்லட்டின் கத்தி இறங்குகிறது. எலிகளின் தொண்டையில் எச்சில் இறங்கும் சத்தம்கூட நமக்குக் கேட்கும். குட்டி எலி அந்தப் பூனைக்காக வருத்தப்பட்டு, போர் என்றால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு நடக்கிறது. ஆஸ்கர் வென்ற படம். சாவுக்கு விலையில்லை என்று சொல்கிற படமா இது?

1949இன் 'ஹெவன்லி புஸ்' இன்னும் ஆழம். மாடிப்படியில் பியானோ உருண்டு வந்து விழுந்து டாம் இறந்துபோகிறான். சொர்க்கத்துக்குப் போகும் ரயில் நிலையத்தில் பூனைகள் வரிசையில் நிற்க, வாசல் காப்பவர் ஒவ்வொருவரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பதிவேட்டில் பார்க்கிறார். டாமின் முறை வருமுன் ஒரு நனைந்த சாக்குப்பை துள்ளித் துள்ளி வருகிறது. திறந்தால் மூன்று பூனைக்குட்டிகள். சாக்கில் கட்டித் தண்ணீரில் போட்ட குட்டிகள். வாசல் காப்பவர் மனிதர்கள் செய்கிற காரியத்தை நினைத்துத் தலையை ஆட்டிக்கொள்கிறார். சில நொடிதான். படத்தில் வேறெங்கும் அடிக்கு இசை உண்டு, சிரிப்பு உண்டு. இங்கே யாரும் சிரிக்க முடியாது. எது விளையாட்டுச் சண்டை, எது கொடுமை என்ற வித்தியாசம் இந்தப் படத்தை எடுத்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிறகு டாமுக்குக் கெடு கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஜெர்ரியிடம் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கேக் கொடுத்துப் பார்க்கிறான், கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறான், கடைசியில் காலில் விழுகிறான்.

'த நைட் பிஃபோர் கிறிஸ்துமஸ்' 1941 டிசம்பர் 6 அன்று வெளிவந்தது. மறுநாள் பேர்ல் ஹார்பர். அதில் ஜெர்ரியைப் பனியில் வெளியே தள்ளி வழியை அடைத்துவிட்டுக் கணப்பருகே வந்து படுக்கிறான் டாம். வெளியே பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு. வெற்றி இனிக்கவில்லை, புரண்டு படுக்கிறான், வாசலைப் பார்க்கிறான். கதவைத் திறந்து, உறைந்து விறைத்துக் கிடக்கும் எலியை ஏந்திவந்து நெருப்பருகே வைக்கிறான். கண் விழித்த ஜெர்ரிக்கு, டாம் பால் கிண்ணத்தில் வாய் வைக்கப் போவது தெரிகிறது. பாலுக்குள் எலிப்பொறியைப் போட்டுவைத்தது ஜெர்ரியேதான். ஓடிவந்து தடுத்து, பொறி இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறான். தான் வைத்த பொறியைத் தானே காட்டிக்கொடுப்பதைவிடத் தெளிவான மன்னிப்பு எந்த நீதிக்கதையில் இருக்கிறது? இந்தக் காட்சியில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

அறிவியல் சொல்கிறதே என்பார்கள். எந்த அறிவியல் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கார்ட்டூன் வன்முறை என்றதும் எடுத்து வைக்கப்படுவது ஆல்பர்ட் பண்டூராவும் சகாக்களும் ஸ்டான்ஃபோர்டில் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு. மழலைப்பள்ளிப் பிள்ளைகள் 96 பேர், நான்கு குழு. ஒரு குழுவுக்கு ஊதுபொம்மையை அடிக்கும் ஒரு பெரியவரை நேரில் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு அதையே படமாக, மூன்றாம் குழுவுக்குக் 'கார்ட்டூனாக'. நான்காம் குழு எதையும் பார்க்கவில்லை. பார்த்த மூன்று குழுக்களும் பார்க்காத குழுவைவிட அதிக ஆவேசம் காட்டின; படத்தையும் 'கார்ட்டூனை'யும் பார்த்த குழுக்கள் ஏறக்குறைய இரு மடங்கு. இதுவரை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கார்ட்டூன் எப்படி இருந்தது என்பதைச் சொல்வதில்லை. வரைந்த படமே அல்ல அது. கறுப்புப் பூனை வேடம் போட்ட ஒரு பெரியவர், செயற்கைப் புல் தரையும் வண்ண மரங்களும் வைத்த அரங்கத்தில் நின்று, கீச்சுக்குரலில் பேசிக்கொண்டு அதே பொம்மையை அடிக்கிறார். 'ஹெர்மன் த கேட்' என்று அதற்குத் தலைப்பு.

அந்த ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. பெரியவர் செய்வதைப் பிள்ளை செய்யும் என்பதை அது நன்றாகவே காட்டியது. ஆனால் அந்தப் பொம்மை அடிப்பதற்கென்றே செய்தது, அடித்தால் தானே எழுந்து நிற்கும், வலிக்காது, அலறாது, திருப்பி அடிக்காது, வருத்தம் தராது. 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் இருக்கிற எல்லாம் அதில் இல்லை. சோதனைக்கு முன்னால் நல்ல பொம்மைகளைக் காட்டி, இவை உனக்கில்லை என்று பறித்துப் பிள்ளைகளைச் சீண்டியும் விட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் உண்டு. 1972இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் குழு தந்த அறிக்கைகூட, ஏற்கெனவே முரட்டுச் சுபாவம் உள்ள சில பிள்ளைகளிடம் பாதிப்பு இருக்கலாம் என்று நிதானமாகத்தான் சொன்னது. அந்த நிதானம் நம் பெற்றோர் கூட்டங்கள் வரை வந்து சேரவில்லை.

அடியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. பழைய படங்களை மறுபடி ஓட்டினாலே ஏறக்குறைய அதே வசூல் வருகிறது என்று கணக்குப் பார்த்து, 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகு, தொலைக்காட்சி வன்முறை அமெரிக்காவின் பெரிய விவாதமானது. பிள்ளைகளுக்கான தொலைக்காட்சிக்காகப் பாஸ்டனில் இயக்கம் தொடங்கிய பெக்கி சாரன் தணிக்கையை எதிர்த்தவர், நல்ல நிகழ்ச்சிகள் கூடுதலாக வேண்டும் என்றே கேட்டவர். ஆனால் தொலைக்காட்சி நிறுவனங்கள் கத்தரிக்கோலைத்தான் எடுத்தன. 1975இல் ஏ.பி.சி.யில் புதிய 'டாம் அண்ட் ஜெர்ரி' வந்தது. எடுத்தது அதே ஹன்னாவும் பார்பெராவும், தங்கள் சொந்த நிறுவனத்தில். அதில் ஜெர்ரி கழுத்தில் சிவப்பு வில் டை கட்டிக்கொண்டு டாமோடு தோளில் கைபோட்டு ஊர் சுற்றுகிறான். துரத்தல் இல்லை, அடி இல்லை. 48 படங்கள் எடுத்தார்கள். யாருக்காவது அதில் ஒன்று ஞாபகம் இருக்கிறதா?

செலவைக் குறைத்து வரைந்ததால் படம் சப்பென்று ஆனது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் நட்பு மட்டும் இருந்த அந்தப் படங்களில் நட்பே தெரியவில்லை. விரோதம் இருக்கிற இடத்தில்தான் பனியில் கிடந்தவனைத் தூக்கிவருவதற்கு அர்த்தம் உண்டு. சண்டையைத் துடைத்தெடுத்தபோது சமாதானமும் சேர்ந்தே போய்விட்டது.

இனி, உண்மையான குற்றம். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆரம்பகாலப் படங்களில் வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஒருவர் வருவார். மேமி டூ ஷூஸ் என்று அறியப்பட்டவர். முகத்தைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். காலும் செருப்பும் தடித்த உடம்பும்தான். கொச்சைப் பேச்சும் கூச்சலும் அவருக்கென்று ஒதுக்கியது. குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப், 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் நடித்த திறமையான நடிகை. இந்தப் படங்களில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. வெடி வெடித்தபின் டாமின் முகம் கரியாகி, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை வேடமாக மாறுவது இன்னொரு வழக்கம். 1948இன் 'மவுஸ் கிளீனிங்'கில் கரிக்குவியலுக்குள்ளிருந்து எழும் டாம் அந்த மக்களின் பேச்சையும் நடையையும் ஏளனம் செய்கிறான். நான் புகழ்ந்த அத்தனை திறமையும், அந்தத் தாளமும் அந்த ஓவியக் கையும், அங்கே ஓர் இனத்தை இழிவுபடுத்தப் பயன்பட்டிருக்கின்றன. வாணலி அடியில் எந்தப் பிள்ளையும் எந்த மனிதக் கூட்டத்தையும் வெறுக்கக் கற்றுக்கொள்ளாது. இந்தக் காட்சியில் கற்றுக்கொள்ளும்.

தொலைக்காட்சி இதற்கு என்ன செய்தது? 1965இல் சி.பி.எஸ். ஒளிபரப்பியபோது கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸின் குழுவை வைத்து அந்தப் பெண்ணை ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணாக வரைந்து, அயர்லாந்துக் குரல் கொடுத்து மாற்றினார்கள். கேலி செய்ததை ஒப்புக்கொள்வதற்குப் பதில், கேலிக்கு ஆளானவரையே அழித்தார்கள். 2006இல் பிரிட்டனில் ஒரே ஒரு பார்வையாளர், 'டெக்சாஸ் டாம்' படத்தில் டாம் சிகரெட் சுருட்டிப் புகைக்கிறான் என்று புகார் செய்தார். அதற்காக அதை ஒளிபரப்பிய சேனலின் உரிமையாளர்கள் 1,500க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களை எடுத்துப் புகைக் காட்சிகளைத் தேடினார்கள். இனக் கேலியைப் பற்றித் திரையிலேயே நேராகச் சொல்லும் எச்சரிக்கை, அமேசானிலும் ஐட்யூன்ஸிலும் பரவலாகப் பேசப்பட்டது 2014இல்தான். அக்காலத்துத் தப்பெண்ணங்கள் இவை, அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு. அதுதான் சரியான வழி. மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. வளர்ந்தவர்களுக்கு அறிவிப்போடு முழுசாகக் காட்டலாம். சிறு பிள்ளைகளுக்கு அந்தச் சில படங்களைத் தவிர்த்துவிடலாம். மிச்சம் ஏராளமாக இருக்கிறது.

ஒரு வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் 'மன பாதிப்பு' வாதத்துக்குப் பயன்படுகிறது. கடைசிப் படத்தில் டாமும் ஜெர்ரியும் தண்டவாளத்தில் உட்கார்ந்து தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் படம் 1956இன் 'ப்ளூ கேட் ப்ளூஸ்'. காதலில் தோற்ற டாம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்க, தானும் ஏமாந்த ஜெர்ரி போய்ப் பக்கத்தில் உட்காருகிறான், ரயில் சத்தம் நெருங்குகிறது. இருண்ட படம்தான், சிறு பிள்ளைக்குக் காட்ட மாட்டேன். ஆனால் அது கடைசிப் படமல்ல. அதன் பிறகும் இருவரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹன்னா, பார்பெராவின் கடைசிப் படம் 1958இன் 'டாட் வாட்சர்ஸ்'. அதில் இருவரும் சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கும் பராமரிப்புப் பெண்ணின் கண்ணில் படாமல் தவழ்ந்து போகும் ஒரு கைக்குழந்தையின் உயிரைக் காப்பாற்ற அலைகிறார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சேனலை அதன் போக்கில் ஓடவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு படம், நீங்களும் பக்கத்தில். 'த கேட் கான்செர்ட்டோ'வில் தொடங்கலாம். முடிந்ததும் அணைத்துவிட்டு, இதில் யார் மேல் தப்பு என்று பிள்ளையிடம் கேளுங்கள். தூங்கிக்கொண்டிருந்த எலியை எழுப்பியது டாம்; ஆனால் அவனுக்கு எலி உள்ளே இருப்பதே தெரியாது. வாசிக்கிறவனைக் கேலி செய்தது ஜெர்ரி; ஆனால் முதலில் சுண்டிவிட்டது டாமின் விரல். இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.